பனியன் கம்பெனிக் கைவலி: சீக்கிரம் ஆறுவதும் இழுத்தடிப்பதும் எதனால்

தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டும் பெண்ணுக்கும் அயர்ன் மாஸ்டருக்கும் வருவது ஒரே முழங்கை வலிதான். ஒரே மாத்திரை, ஒரே பெல்ட் எழுதித் தருகிறார்கள். ஒருவருக்கு மூன்று மாதத்தில் தணிந்துவிடுகிறது. இன்னொருவர் ஒன்றரை வருடம் கழித்தும் டீ கிளாஸைத் தூக்கும்போது முகம் சுளிக்கிறார். திருப்பூரில் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடினால் மருந்துச் சீட்டில் அதிகம் கிடைக்காது. வலித்த கை மறுபடி எந்த வேலைக்கு, தினம் எத்தனை மணி நேரத்துக்கு, எந்தக் கருவியோடு திரும்பியது என்று கேட்டால் பெரும்பாலும் விடை வந்துவிடும்.

அதற்கு முன் எந்த வலி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். "கை வலி" என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு பிரச்சினைகள் வருகின்றன, நான்குக்கும் வைத்தியம் வேறு.

உள்ளங்கை கீழே பார்க்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முதுகுப்பக்கம் பிடித்துத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்புற எலும்பில் சுரீரென்றால், அது டென்னிஸ் எல்போ. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கும்போது கட்டைவிரல் அடியில் வலி பிடித்தால், அந்தப் பக்கத்துத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) உறையில் கோளாறு. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய், எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிறது. அண்ணாந்து, வலிக்கும் பக்கம் கழுத்தைத் திருப்பியதும் கைக்குள் மின்சாரம் மாதிரி இறங்கினால் வேர் கழுத்தில் இருக்கிறது. கடைசி இரண்டுக்கும் முழங்கை பெல்ட் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. கட்டைவிரல் அடிச்சதை வற்றுவது, கையிலிருந்து பொருள் நழுவுவது, கை முழுக்கப் பலம் குறைவது, கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு மூட்டு வீக்கம் இவற்றில் எதுவானாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறலோடு கையில் வலி வந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும். அதைத் தையல் வலி என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

இங்கே அதிகம் பேசப்போவது முதல் வகையைப் பற்றி. பனியன் வேலையில் அதிகம் இழுத்தடிப்பது அதுதான்.

கத்தரியை அழுத்துவது விரல்களை மடக்கும் தசைகள். அவை இழுக்கும்போது மணிக்கட்டும் கூடவே உள்ளே மடங்கப் பார்க்கும். அது மடங்காமல் எதிர்த்துப் பிடிப்பவை முழங்கையின் வெளிப்புறத்தில் தொடங்கும் தசைகள். அதனால்தான் விரல் செய்கிற வேலைக்கு முழங்கை வலிக்கிறது. நான்கு விநாடிக்கு ஒரு வெட்டு என்று வைத்தாலும் மணிக்கு 900. பத்து மணி நேரத்தில் 9,000. ஒவ்வொரு வெட்டும் அந்தச் சின்னத் தசைநாணை எலும்போடு ஒட்டிய இடத்தில் இழுக்கிறது. ஆறுவதற்கு இடைவெளி கிடைக்காதபோது அதன் நார்கள் ஒழுங்கு கலைந்து பலம் இழக்கின்றன. நாள்பட்ட நிலையில் இது வீக்கம், அழற்சி என்பதைவிடத் தேய்ந்த கட்டுமானம் என்பதே சரி. ஆகவே வலி மாத்திரை வலியைக் குறைக்கும், தசைநாணைக் கட்டித் தராது. முழு ஓய்வும் கட்டித் தராது. ஒரு மாதம் கையை அசைக்காமல் வைத்திருந்தால் தசைநாண் இன்னும் பலவீனமாகும், வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே வலி பழைய இடத்துக்கு வந்துவிடும். இறுக்கமான கட்டுப் போட்டு வாரக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. டென்மார்க்கில் 266 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2003-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்துக்குள் 83 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் இருந்தது. பின்தங்கியவர்கள் யார் என்பதுதான் நமக்கு வேண்டிய பகுதி: உடலுழைப்பு வேலையில் இருந்தவர்கள், வேலையில் கைக்குப் பளு மிகுந்தவர்கள், அதிகம் பழகிய கையிலேயே வலி வந்தவர்கள். பனியன் கம்பெனியில் பிசிறு, அயர்ன், கட்டிங் எதை எடுத்தாலும் மூன்றும் ஒன்றாகவே வருகின்றன. "தானாகச் சரியாகும்" என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதை அப்படியே இவர்களிடம் சொல்ல முடியாது.

முதலில் விட வேண்டியது அரை ஷிப்ட்

காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை போகும் ஒன்றரை ஷிப்ட்தான் பலருக்கு வழக்கமான நாள். வலி வந்ததும் பலர் செய்வது இரண்டு நாள் முழு லீவு, பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி ஒன்றரை ஷிப்ட். இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. சம்பளமும் போகிறது, கையும் ஆறுவதில்லை. லீவே போடாமல், நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குக் கடைசி அரை ஷிப்டை மட்டும் விடுவது பெரும்பாலும் அதிகம் பலன் தருகிறது. களைத்த தசை சுமையைத் தாங்காமல் தசைநாணிடம் தள்ளிவிடுவது அந்தக் கடைசி மூன்று மணி நேரத்தில்தான். சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியத்தான் செய்யும். பீஸ் ரேட்டில், அதாவது செய்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிற முறையில், இருப்பவருக்கு இன்னும் வலிக்கும். ஆனால் மூன்று முறை வேலையை விட்டுவிட்டுச் சேர்வதில் போகும் கூலியோடு ஒப்பிட்டுத்தான் இதைக் கணக்குப் போட வேண்டும்.

எவ்வளவு வலி வரை தொடரலாம்? பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் கொடுங்கள். வேலையின்போது மூன்று வரை போகலாம். மறுநாள் காலை பல் துலக்கும்போது வலி முந்தைய நாள் காலை இருந்த அளவுக்கே திரும்பியிருந்தால் அந்தச் சுமை சரி. கூடியிருந்தால் முந்தைய நாள் அதிகம், அன்று குறைக்க வேண்டும். ஒரு காலண்டரில் தினம் காலை ஒரே ஒரு எண் எழுதினால் போதும். வலி மாத்திரை போட்டுவிட்டு இந்தக் கணக்கைப் பார்க்க முடியாது, எண் பொய் சொல்லும். மாத்திரையைத் தூக்கம் கெடும் நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஷிப்டை ஓட்டுவதற்காகத் தினமும் போடுவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு, பி.பி. இருப்பவருக்கு இன்னும் ஆபத்து.

இரண்டு வாரம் காலை எண் இரண்டுக்குக் கீழே நின்றால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அரை ஷிப்டைச் சேர்க்கலாம், அடுத்தடுத்த நாளாக வேண்டாம். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் மூன்றாவது நாள். முழு ஒன்றரை ஷிப்டுக்கு எல்லா நாளும் திரும்பியே ஆக வேண்டுமா என்பது வேறு விஷயம். நாற்பது தாண்டியவர்கள் திரும்பாமலிருப்பதே மேல் என்பது எங்கள் கருத்து.

கருவியும் மேஜையும்

மொக்கைக் கத்தரி முழங்கைக்கு எமன். நூலைத் தளர்வாகப் பிடித்து, கத்தரியின் நுனியால் வெட்டிப் பாருங்கள். இழுபடாமல், மடங்காமல் வெட்டுப்பட வேண்டும். மடங்கினால் சாணை பிடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு கத்தரி இருந்தால் ஒன்று சாணைக்குப் போயிருக்கும்போது மற்றொன்றில் வேலை நடக்கும். கம்பெனிக்கு இது சின்னச் செலவு. வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்துத் திறக்கும் கத்தரியைவிட, தானே திறந்துகொள்ளும் ஸ்பிரிங் பிசிறுக் கத்தரியில் திறக்கும் வேலை மிச்சமாகிறது. இன்னொரு வசதி, அதை இடது கையிலும் பிடிக்கலாம். சாதாரண வலது கைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் அலகுகள் விலகி வெட்டாது, இன்னும் அழுத்த வேண்டியிருக்கும். "கையை மாற்றி வெட்டு" என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். துணி ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் மெஷினிலேயே நூலை வெட்டிவிடும் ஆட்டோ ட்ரிம்மர் இருக்கும் லைனில் பிசிறுக்காரர்களின் சுமை தானாகவே குறைகிறது. வலியைக் கையோடு கையாகத் தீர்க்க நினைக்கும் முதலாளி பார்க்க வேண்டியது அந்தப் பக்கம்.

செக்கிங் மேஜை நின்று வேலை செய்பவரின் முழங்கையைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ்வாக இருப்பது நல்லது. நுணுக்கமாகப் பார்த்து வெட்டுவதானால் கொஞ்சம் உயரம் வேண்டும். எல்லோருக்கும் ஒரே மேஜை என்பதால் குள்ளமானவர்கள் தோளைத் தூக்கிக்கொண்டே நாள் முழுக்க நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மரப்பலகை போட்டுக் கொடுத்தால் போதும்.

அயர்ன் மேஜையும் அதேபோல் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமான மேஜையில் அழுத்தம் உடம்பிலிருந்து இறங்காமல் கையிலிருந்தே வர வேண்டியிருக்கும். அயர்ன் பாக்ஸை ஒவ்வொரு பீஸுக்கும் தூக்கி ஸ்டாண்டில் வைப்பதைவிட, மேஜை மட்டத்திலேயே தள்ளி நிறுத்தும்படி தாங்கியை அமைத்தால் தூக்குவதே பாதியாகக் குறையும். நீராவிக் குழாயின் பாரத்தை மேலிருந்து ஸ்பிரிங்கில் தொங்கவிட வேண்டும். பல இடங்களில் ஸ்பிரிங் அறுந்து குழாய் கையில்தான் தொங்குகிறது. துணியைக் காற்றால் உறிஞ்சிப் பிடிக்கும் வேக்கம் மேஜை ஒழுங்காக உறிஞ்சாவிட்டால் துணியை இடது கையால் இழுத்துப் பிடிக்க நேரும், அப்போது வலி இரண்டு கைக்கும் வரும்.

டெய்லர்களிடம் கவனிக்க வேண்டியது, தைக்க வேண்டிய துண்டுகளைக் கட்டிய பண்டல் இருக்கும் தூரம். முழங்கையை உடம்போடு வைத்துக்கொண்டே எட்டும் இடத்தில் பண்டல் இருக்க வேண்டும். முடிச்சை விரல் நுனியால் பிய்த்து அவிழ்ப்பது கட்டைவிரல் வலிக்குப் பெரிய காரணம். டெய்லருக்கு உதவும் கைமடி ஆட்கள் உருவு முடிச்சாகக் கட்டிக் கொடுத்தால் ஒரே இழுப்பில் அவிழும்.

ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்யாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிசிறிலிருந்து மடிப்புக்கோ பேக்கிங்குக்கோ மாறுவது பெரிய மருந்து. அதுவும் முடியாத இடத்தில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கத்தரியைக் கீழே வைத்து அரை நிமிடம் கையைத் தொங்கவிடலாம். கையில் பிடித்தபடியே ஓய்வெடுப்பது ஓய்வில்லை.

வீட்டுச் சுமை

கம்பெனியில் எல்லாம் குறைத்தும் ஆறாத பெண்களிடம் அடுத்துக் கேட்க வேண்டியது, ஜீன்ஸை யார் பிழிகிறார்கள் என்பது. ஈரத்துணியை முறுக்குவது இந்தத் தசைநாணுக்கு மிகக் கடுமையான அசைவு. முறுக்காமல் குழாயிலோ கொடியிலோ தொங்கவிட்டு நீர் வடியட்டும், அல்லது கனமான துணியை வேறு யாராவது பிழியட்டும். தேங்காய் துருவுவது, சப்பாத்தி மாவு பிசைவது, குடத்தை விளிம்பில் பிடித்துத் தூக்குவது எல்லாம் இதே கணக்கில் சேரும். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்கினால் சுமை வலிக்கும் பக்கத்திலிருந்து புஜத் தசைக்கு மாறும். வேலை முடிந்து எட்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போகிறவர்கள் ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தையும் பார்க்க வேண்டும். கைக்குழந்தையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கவைபோல விரித்து அக்குளில் பிடித்துத் தூக்கும் தாய்மார்களுக்குக் கட்டைவிரல் அடி வலி வருவது மிகச் சாதாரணம். குழந்தையின் பிட்டத்துக்கு அடியில் உள்ளங்கை கொடுத்து அள்ள வேண்டும்.

மஞ்சப்பைப் பயிற்சி

தசைநாணைப் பலப்படுத்துவது சுமைதான், அளந்து கொடுக்கும் சுமை. டம்பெல் வாங்க வேண்டியதில்லை. மஞ்சப்பையில் அரிசியை எடை போட்டுப் போட்டுக்கொண்டால் கால் கிலோ, கால் கிலோவாகக் கூட்ட முடியும்.

முன்கையை மேஜைமேல் முழுவதும் வைத்து, மணிக்கட்டுக்கு அப்பால் கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். உள்ளங்கை கீழே பார்க்க வேண்டும். அரைக் கிலோ பையின் காதைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை நேராக அசையாமல் 30 முதல் 45 விநாடி நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி. மொத்தம் ஐந்து முறை, தினமும். வலி மூன்றைத் தாண்டினால் பையை எடுத்துவிட்டு, மற்றக் கையால் புறங்கையை லேசாக அழுத்தி எதிர்த்தால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் இது சுலபமானதும் அசைவுக்கு மாறலாம். மூன்று விநாடி எண்ணி மணிக்கட்டை மேலே தூக்குவது, நான்கு விநாடி எண்ணிக் கீழே இறக்குவது. பன்னிரண்டு முறை ஒரு சுற்று, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி இரண்டு தடவை கஷ்டப்பட்டு முடிய வேண்டும், சுலபமாக முடிந்தால் கால் கிலோ கூட்டவும். முதலில் முழங்கையை மடக்கி வைத்துச் செய்து, ஆறாவது வாரம்வாக்கில் கையை நீட்டி வைத்துச் செய்ய ஆரம்பிக்கலாம். கூடவே, ஒரு சுத்தியலைக் கைப்பிடியின் அடியில் பிடித்து, முன்கையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புவதையும் சேர்த்துக்கொள்ளலாம். தோளும் பின்முதுகும் தளர்ந்திருப்பவர்கள் ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்னோக்கி இழுக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும்.

பலன் பேச ஆரம்பிக்கக் குறைந்தது ஆறு வாரம், முடிக்கப் பன்னிரண்டு வாரம். தோற்பவர்கள் பெரும்பாலும் மூன்றாம் வாரம் வலி குறைந்ததும் நிறுத்திவிடுபவர்கள். வலி குறைவது முதலில் நடக்கும், பலம் வருவது அதற்கு வெகுநாள் பின்னால்.

ரப்பர் பந்தைப் பிதுக்கும் பயிற்சியைத் தவிருங்கள். நாள் முழுக்கப் பிடித்து அழுத்தும் கைக்கு வீட்டிலும் அதையே கொடுப்பது அது. கையை மடக்கி வலிக்க வலிக்க இழுப்பதும் வேண்டாம். பெல்ட்டை முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் கீழே, ஒரு விரல் நுழையும் தளர்வில், வேலை நேரத்தில் மட்டும் போடலாம். கை மரத்துப்போனால் அது இறுக்கம். தூங்கும்போது கழற்ற வேண்டும். இரவில் விரல் மரப்பவர்களுக்கு நேர் எதிர்: மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட்டைத் தூங்கும்போது ஆறு வாரம் தொடர்ந்து போட வேண்டும்.

ஊசி

"ஒரு ஊசி போட்டால் மறுநாளே வேலைக்குப் போகலாம்" என்பதில் ஓரளவு உண்மை உண்டு, அதுதான் சிக்கல். ஸ்டீராய்டு ஊசி முதல் ஆறு வாரம் பிரமாதமாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்துக்குள் வலி திரும்பியது ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு. வெறும் உப்புநீர் போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு. காரணம் புரியாததில்லை. வலி அடங்கிய கை முழு வேகத்தில் கத்தரியைப் பிடிக்கிறது, உள்ளே தசைநாண் இன்னும் பழைய நிலையில்தான் இருக்கிறது, ஸ்டீராய்டு அதை மேலும் தளர்த்தவும் செய்யும். டென்னிஸ் எல்போவுக்கு இந்த ஊசியைக் கடைசி வரிசையில் வைப்பதே நியாயம், இரண்டாவது மூன்றாவது ஊசிக்கு மறுத்துவிடலாம். கட்டைவிரல் அடி வலிக்கு மட்டும் கணக்கு வேறு; அங்கே ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. சர்க்கரை இருப்பவருக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரையும் தைராய்டும் கையை இழுத்தடிக்கும். இரண்டு கையும் மரப்பது, விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வது, தோள் இறுகுவது என்று அடுத்தடுத்து வந்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவும் தைராய்டு பரிசோதனையும் எடுத்துப் பார்ப்பது பயனுள்ள செலவு. தூக்கம் கெட்டவருக்கும் புகைப்பவருக்கும் ஆறுவது தாமதமாகும்.

பரிசோதனை ரிப்போர்ட் ஏற்படுத்தும் பயமும் கணிசமான காரணம். நாற்பது வயதுக்காரருக்குக் கழுத்து எக்ஸ்ரே எடுத்தால் "தேய்மானம்" என்று வருவது சகஜம், வலியே இல்லாதவர்களுக்கும் வரும். அதைப் படித்தவர் "எலும்பு தேய்ந்துவிட்டது, இனி இந்தக் கையால் வேலையே கூடாது" என்று முடிவுகட்டி, கையைப் பொத்திப் பொத்தி வைத்துப் பலமிழக்கிறார். வலி வந்தாலே சேதம் கூடுகிறது என்று நினைப்பவர்கள் பயிற்சியைத் தொடர்வதில்லை. வலியைச் சட்டையே செய்யாதவர்கள் சுமையைக் குறைப்பதில்லை. காலண்டரில் எழுதும் எண் இருவருக்கும் தேவைப்படுவது இதனால்தான்.

கம்பெனியில் கேட்பதும் இ.எஸ்.ஐ.யும்

சூப்பர்வைசரிடம் "கை வலிக்குது, லைட் வேலை குடுங்கண்ணா" என்று கேட்டால் "எல்லாருக்கும்தான் வலிக்குது" என்று பதில் வரும். "நாலு வாரம் செக்கிங், மடிப்பு மட்டும் பாக்கறேன், பிசிறு வேண்டாம், அஞ்சரைக்குக் கிளம்பறேன்" என்று கேட்டால் அவரால் ஆளைக் கணக்குப் போட முடியும். டாக்டர் சீட்டிலும் "10 நாள் ஓய்வு" என்பதைவிட "கத்தரி வேலை கூடாது, 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது, 6 வாரம்" என்று எழுதி வாங்குங்கள். வேலையை மாற்றித் தரும் சூப்பர்வைசர் கிடைத்தவர்கள் சீக்கிரம் ஆறுகிறார்கள், இதில் ரகசியம் எதுவுமில்லை.

முழுசாகவே வேலை செய்ய முடியாத கட்டத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை உண்டு: தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டம். அதற்குரிய ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாள் சந்தா பிடித்திருக்க வேண்டும், சான்றிதழ் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் வாங்க வேண்டும், வெளி டாக்டர் சீட்டு மட்டும் கையில் இருந்தால் அலைய நேரும். காண்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்கு ஓடுபவர்கள் தங்கள் பெயரில் சந்தா போகிறதா என்பதை வலி வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. கையிலிருந்து பிடித்தம் 0.75 சதவீதம், சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இல்லையென்றால் கேட்க வேண்டும்.

ஆறு மாதம் சுமையைக் குறைத்து, பயிற்சியும் ஒழுங்காகச் செய்தும் அசையாத வலிக்கு எலும்பு மூட்டு நிபுணரிடம் போக வேண்டும்; அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் மிகச் சிலர். ஆறியவர்களுக்குச் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று தீபாவளிக்கு முந்தைய ஆர்டர் நெருக்கடி. அந்த மாதங்களிலும் வாரம் இரண்டு நாள் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றது பொங்கல், ஊர்த் திருவிழா என்று பத்து நாள் லீவு முடிந்து திரும்பும் முதல் வாரம். சும்மா இருந்த கை முதல் நாளே ஒன்றரை ஷிப்ட் தாங்காது. முதல் மூன்று நாள் ஒரு ஷிப்டோடு நிறுத்தி, நான்காம் நாள் காலை எண்ணைப் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.